ரோவெட்டாவின் ஆறாவது ரீகால்

செப்டம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, நான் ஒரே மாதிரியான நாற்பத்து மூன்று கடிதங்களை நாற்பத்து மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "முன்புறப் பயணி இருக்கையில் எவரையும் உட்கார விடாதீர்கள்" என்று ஒவ்வொன்றிலும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் அத்தனையையும் கொடுத்தேன்.

எங்கள் வோட்னா ஊரில் தபால்காரர்கள் சொந்த வண்டியில்தான் போகவேண்டும். தபால் பெட்டிகள் சாலையின் வலது ஓரத்தில், கம்பத்தின்மேல் நிற்கும். கார் செய்கிறவர்களோ ஸ்டியரிங்கை இடது பக்கம் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இறங்கி ஏறினால் இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஆகும். பனிக்காலத்தில் பாதி வழியிலேயே எனக்கு இரங்கல் கூட்டம் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே நெப்ராஸ்கா முழுக்கத் தபால்காரர்கள் செய்வதைத்தான் நானும் செய்கிறேன்: வலது சீட்டில் உட்கார்ந்து, இடது காலை அந்தப் பக்கம் நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையால் பெட்டியைத் திறந்து மூடுவது. சீட் பெல்ட்டை எப்படிப் போட்டுக்கொள்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை.

இதற்கு ரோவெட்டாதான் வசதி. சின்ன எஸ்.யூ.வி.; பனியிலும் சேற்றிலும் போகும்; கியர் நடுவில் முளைத்து நிற்காமல் டேஷ்போர்டில் இருக்கும். நடுவில் உள்ள பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையைப் போட்டால் கால் நீட்ட இடம் கிடைக்கும். டீலர் ஒரு வருடம் தள்ளுபடி அறிவித்ததும், தபால் கொடுக்காதவர்களும் சேர்ந்து வாங்கித் தள்ளினார்கள். மக்காச்சோள வயலைவிட்டால் எங்கள் வட்டாரத்தில் அதிகம் கண்ணில் படுவது ரோவெட்டாதான்.

வாங்கியவர்களை அந்தக் கம்பெனி மறக்கவே இல்லை. என் சொந்தத் தங்கை கிறிஸ்துமஸுக்கு மட்டும் எழுதுவாள். கம்பெனி, பழுதைச் சரிசெய்ய வண்டியைத் திரும்பக் கூப்பிடும் 'ரீகால்' கடிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் எழுதிவிடும். முதல் ஆண்டில் கால்மிதி வழுக்கி ஆக்ஸிலேட்டருக்கு அடியில் போய்விடுகிறது என்று எழுதினார்கள். சரிசெய்யும்வரை கால்மிதியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்ச் சேற்றை அவர்கள் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு பின்கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று எழுதினார்கள். அந்தக் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, என் வழித்தடத்தில் வசிக்கும் டார்லீன் விட்டெக்கின் பின்கதவு திறந்துகொண்டு, சர்ச் விருந்துக்குப் போன மூன்று டஜன் கொலாச்சி, அதாவது இனிப்பு வைத்த பன், நெடுஞ்சாலையில் உருண்டுவிட்டது. மூன்றாவது கடிதம் ஜனவரியில் வந்தது. ஹீட்டர் தீப்பிடிக்கக்கூடுமாம், வண்டியை வீட்டைவிட்டுத் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்த வேண்டுமாம். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே நிறுத்தினோம். தீப்பிடிக்கவில்லை, உண்மைதான். ஸ்டார்ட்டும் ஆகவில்லை. நான்காவது, பின்கதவைச் சரிசெய்யப் போட்ட போல்ட் தவறான போல்ட் என்பதற்கு. ஐந்தாவது, வைப்பர் மழையில் நின்றுவிடும் என்பதற்கு. வறண்ட நாட்களில் அது மிகச் சிறப்பாக இயங்கும் என்றும் அதில் உறுதி கூறியிருந்தார்கள்.

ஆறாவது கடிதத்தை முதலில் பிரித்தவள் டார்லீன். சனிக்கிழமைகளில் தன் பெட்டி அருகிலேயே நின்று என்னைப் பிடிப்பது அவள் வழக்கம். படித்தாள். வண்டியைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ஆர்லிஸ், நீ இப்ப எந்த சீட்ல உக்காந்திருக்க?"

"எப்பவும் உக்கார்ற சீட்லதான்."

"அப்ப நீ செத்துப் போகலாம்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"இங்க பாரு. சீட்டுக்கு அடியில ஒரு தட்டாம். ஆள் இருக்காங்களான்னு பாக்குமாம். அது கெட்டுப்போச்சாம். 'சரளைச் சாலை போன்ற கரடுமுரடான பரப்புகளில் அதிர்வு ஏற்பட்டால் ஏர்பேக் தானாக விரியலாம்.' முகத்துலயே அடிக்குமாம்."

என் வழித்தடம் தொண்ணூற்று நான்கு மைல். அதில் எண்பத்தொன்று சரளைச் சாலை.

"இன்னும் எத்தனை வீடு பாக்கி?" என்றாள் டார்லீன்.

"நூத்தி அறுபது."

"மெதுவா போ," என்றாள். ஒரு பாத்திரத்தைத் துணியால் மூடி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். "பாப்பி விதை கொலாச்சி. அந்தப் பக்க சீட்ல வை. அதுதான் பத்திரமான சீட்டாம்."

இப்போது நான் ஏன் கவலைப்பட்டேன் என்று சொல்லவேண்டும். உயிரைப் பற்றியும்தான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக நான் மாற்றுத் தபால்காரி. வழக்கமான தபால்காரர் மார்வினுக்கு உடம்பு சரியில்லாதபோதும், சனிக்கிழமைகளிலும், அவர் மான் வேட்டைக்குப் போகும்போதும் நான் போவேன். மற்ற நாட்களில் பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவுவேன். மாற்று ஆளுக்கு ஓய்வூதியம் கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது. மார்வின் செப்டம்பர் இருபத்தெட்டோடு ஓய்வு பெறுகிறார். முப்பதாம் தேதி திங்கட்கிழமை வழித்தடம் எனக்கு நிரந்தரமாக வருவதாக எழுத்துமூலம் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: நல்ல நிலையில் ஒரு வண்டி.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் ராய்ஸ் ஷெஸ்டாக், நிபந்தனை என்ற சொல்லை ஜெபப் புத்தகத்தைப் போலக் கையாளும் மனிதர். திங்கட்கிழமை காலை நான் உள்ளே போனபோது அவர் மேசையில் அந்தக் கடிதம் கிடந்தது. அவரிடமும் ஒரு ரோவெட்டா உண்டு.

"ஆர்லிஸ், உக்காரு."

"எந்த சீட்ல?"

அவர் சிரிக்கவில்லை. "விதிமுறை தெளிவா இருக்கு. தெரிஞ்ச பழுது உள்ள வண்டில தபால் போகக் கூடாது. இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள டீலர்கிட்டேருந்து பழுது பார்த்த தாள் வரணும். வண்டி நம்பர் பொருந்தணும். உரிமையாளர் பேர் பொருந்தணும்."

"வரலேன்னா?"

"பட்டியல்ல அடுத்த பேர் இருக்கு. பக்கத்து ஊர்ப் பையன். வலது பக்கம் ஸ்டியரிங் வச்ச வண்டியே வச்சிருக்கான்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை வந்தது. "தப்பா எடுத்துக்காத. உன்மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல."

"ஒம்பது வருஷமா?"

"ஒம்பது வருஷமா," என்றார். "அதான் உக்காரச் சொன்னேன்."

சனிக்கிழமைத் தபாலையும் இனி ராய்ஸே எடுத்துப் போவதாக முடிவாயிற்று. அவர் தன் ரோவெட்டாவை விட்டுவிட்டு, இரவல் வாங்கிய வேறொரு வண்டியின் இடது சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் இறங்கி ஏறினார். அடுத்த சனிக்கிழமை தபால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டார் இரவுச் சாப்பாடு முடித்திருந்தார்கள். விதிமுறை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் ஊர் திரும்பியது.

அந்தத் திங்கட்கிழமையே நாற்பது மைல் தள்ளியிருக்கும் டீலரிடம் போனேன், இடது சீட்டில் உட்கார்ந்து. சர்வீஸ் கவுன்டரில் ப்ரென்ட் என்பவர் இருந்தார். நல்ல பல்வரிசை. கம்ப்யூட்டரில் விவரம் பதியத் தொடங்கினார்.

"வண்டிய வழக்கமா யார் ஓட்டுறது மேடம்?"

"நான்."

"சரி. முன் பயணி சீட்ல வழக்கமா யாராவது உக்கார்றதுண்டா?"

"உண்டு."

"யாரு?"

"நான்."

அவர் விரல்கள் நின்றன. "இல்ல மேடம், நீங்க வண்டி ஓட்டும்போது பக்கத்துல யாருன்னு கேக்கறேன்."

"பக்கத்துல யாரும் இல்ல. ஓட்டுற சீட் காலி."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுறா?"

தபால் பெட்டி, இடது கால், வலது கை என்று விளக்கினேன். அவர் எழுந்து வந்து கண்ணாடி வழியாக என் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "இதுக்கு இங்க ஒரு கட்டம் இல்ல," என்றார் சோகமாக. "'குழந்தை'ன்னு போட்டுக்கட்டுமா?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. "போட்டுக்கங்க," என்றேன். "பாகம் எப்ப வரும்?"

அவர் என் வண்டி எண்ணைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். பிறகு, இறந்தவர் வீட்டில் பேசும் குரலில் சொன்னார்: "மேடம், கம்பெனி கணக்குப்படி இந்த வண்டி உங்ககிட்ட இல்ல."

"வெளிய நிக்குதே."

"அஞ்சு வருஷம் முன்னாடியே கைவிட்டுப் போயிடுச்சுன்னு பதிவாயிருக்கு. நீங்களே அனுப்பின கார்டுதான். அது மட்டும் இல்ல, உங்க வட்டாரத்துலயே..." திரையைக் கொஞ்சம் திருப்பினார். "மொத்தமே ஒரே ஒரு ரோவெட்டாதான் ஓடுது. அதனால ஒரே ஒரு பாகம்தான் ஒதுக்கியிருக்காங்க."

"எங்க வீதில மட்டும் ஆறு ஓடுது."

"கம்பெனி கணக்குல இல்ல மேடம்."

"அப்ப கடிதம் எப்படி நாப்பத்து மூணு வந்துச்சு?"

"அது அரசாங்கத்தோட பதிவேட்டைப் பாத்து அனுப்புறது. பாகம் அனுப்புறது கம்பெனியோட சொந்தப் பட்டியலப் பாத்து." இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை என்பதை அவர் மிக இயல்பாகச் சொன்னார், விவாகரத்தான உறவினர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் டுவேனைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வரும் அச்சடித்த கடிதங்களையெல்லாம் பார்த்துக்கொள்வது டுவேனின் பொறுப்பு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டபோது அவரே விரும்பி எடுத்துக்கொண்டது.

"ரீகால் கடிதத்தோட ஒரு கார்டு வருமே, அத என்ன பண்ணுவ?"

"டிக் பண்ணி அனுப்பிடுவேன்," என்றார் பெருமையோடு. "ஒண்ணு விடாம."

"எந்தக் கட்டத்துல?"

"மூணாவது கட்டத்துல. முதல் கட்டத்த டிக் பண்ணா, நாள் குறிச்சு வண்டிய கொண்டு போகணும். ரெண்டாவதுன்னா, ஃபோன் பண்ணுவாங்க. மூணாவத டிக் பண்ணா ஒரு தொந்தரவும் இல்ல."

"மூணாவது கட்டத்துல என்ன எழுதியிருக்கும்?"

டுவேன் கூரையைப் பார்த்தார். "'இந்த வாகனம் இப்போது என்னிடம் இல்லை' அப்படின்னு ஏதோ."

"வண்டி எங்க நிக்குது டுவேன்?"

"கராஜ்ல," என்றார். ஒரு கணம் யோசித்தார். "ஆனா கார்டுல கராஜப் பத்திக் கேக்கலையே."

அத்தோடு முடிந்திருந்தால் என் வீட்டுத் துரதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். டுவேன் தாராள மனம் படைத்தவர். இந்த யோசனையை வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தின்போது பீர்க்கடையில் எல்லோருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஊர் முழுக்க மூன்றாவது கட்டத்தை டிக் செய்திருக்கிறது. சோம்பலால் என்று நினைக்கவேண்டாம். டார்லீனைக் கேட்டேன்.

"உனக்காகத்தான் பண்ணோம்," என்றாள் அவள், கொஞ்சம் மனம் புண்பட்டு. "ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுவந்து போடறதுக்கு உன் கை எவ்வளவு வலிக்கும்? தோள்பட்டைல ஊசி போட்டுக்கிட்டியே. இந்தக் கடிதமாவது நிக்கட்டும்னு டிக் பண்ணேன். என் தங்கச்சி வீட்டுக்கும் சொன்னேன்."

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் தொந்தரவு கொடுக்கமாட்டார்கள். மழையில் வண்டி பள்ளத்தில் விழுந்தால்கூடச் சத்தம் போடாமல் காத்திருப்பார்கள், யார் மாலையையும் கெடுத்துவிடக்கூடாதே என்று. அந்தப் பண்பாட்டின் பயனாக, கம்பெனி கணக்கில் நாற்பத்திரண்டு வண்டிகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. என் கைக்கு ஒரு கடிதம் குறையட்டும் என்ற அவர்கள் அன்பால் நான் என் வேலையையே இழக்கவிருந்தேன்.

அன்று இரவே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். வோட்னா பள்ளியில் படித்தவர்கள் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லமுடியாது. தேதி, பொருள், ஒரு பத்திக்கு ஒரு செய்தி. முதல் பத்தியில், நான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தேன். இரண்டாவதில், வண்டியும் அவ்வாறே என்றேன். மூன்றாவதில், நாற்பத்திரண்டு உரிமையாளர்களின் பெயர், முகவரி, வண்டி எண். நான்காவதில், செப்டம்பர் இருபத்தேழுக்குள் ஒரே ஒரு பாகமாவது வேண்டும், மற்றவர்கள் பொறுப்பார்கள், பொறுப்பதில் அவர்களுக்குப் பயிற்சி உண்டு என்றேன்.

எட்டே நாளில் பதில் வந்தது. கம்பெனி என் பாதுகாப்பை உயிரினும் மேலாகக் கருதுகிறதாம். வண்டி இருப்பதை நிரூபிக்க ஒவ்வொருவரும் உரிமைப் பத்திரத்தின் நகலைத் தனித்தனியே அனுப்பவேண்டும். சரிபார்க்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதுவரை முன்புறப் பயணி இருக்கையில் எவரையும் உட்கார விடவேண்டாம். கடைசி வரியில், 'ரோவெட்டா குடும்பத்துக்கு உங்களை மீண்டும் வரவேற்கிறோம்' என்றிருந்தது.

அன்று செப்டம்பர் பதினேழு. என் கையில் பத்து நாள் இருந்தது. டுவேன் அன்று முழுதும் கராஜிலேயே இருந்தார், வண்டி அங்கே இருப்பதை உறுதி செய்துகொள்வதுபோல.

ப்ரென்டுக்கு ஃபோன் செய்தேன். "எங்க வட்டாரத்துக்கு வந்த அந்த ஒரு பாகம் யாருக்கு?"

"அதச் சொல்லக் கூடாது மேடம். தனிநபர் விவரம்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவர் வரும்போதெல்லாம் நாயோட வருவார். டோனட் வைக்கிற தட்டுப் பக்கமே நிப்பார். எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். எல்லா ரீகாலுக்கும் வந்த ஒரே ஆள் அவர்தான்."

இதைவிடத் தெளிவாகப் பெயரைச் சொல்லமுடியாது. எமில் ப்ரோகாப். வயது எண்பத்து மூன்று. மனைவி போய் ஆறு ஆண்டு, பிள்ளைகள் டென்வரில். என் வழித்தடத்தில் நூற்றுத் தொண்ணூற்றேழாவது பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் ரோவெட்டா பளபளவென்று நின்றது. இருபத்திரண்டாயிரம் மைல் ஓடியது. என்னுடையது அந்தத் தூரத்தை முதல் ஆண்டிலேயே முடித்துவிட்டிருந்தது. எமிலின் நாய் ஹெர்பி முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது.

"எமில், அந்த சீட்ல யாரையும் உக்கார விடக் கூடாதுன்னு கடிதம் வந்துச்சே."

"அவன் படிக்கலையே," என்றார் எமில். "வண்டி நிக்கும்போதுதான் உக்காருவான். ஓடும்போது நானே பின்னாடி போட்டுர்றேன். அதுக்கே ரெண்டு வாரமா என்கூடப் பேசல. உள்ள வா. காபி இருக்கு. நேத்து போட்டதுதான், ஆனா நல்லா இருக்கும்."

நேற்றைய காபியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டம் என்ற இடத்தில் மட்டும் முகம் சுளித்தார்.

"அந்தக் கட்டத்தையா டிக் பண்ணாங்க? ஊரே சேர்ந்தா?"

"எல்லாரும்."

"முட்டாளுங்க. முதல் கட்டத்த டிக் பண்ணா அவங்களே ஃபோன் பண்ணி நாள் குறிப்பாங்க. போனா உக்கார சோபா. டிவி. காபி, டோனட். மேப்பிள் பூசினது கூட இருக்கும், ஆனா அது ஒம்பது மணிக்குள்ள தீந்துரும். ப்ரென்டோட பொண்ணுக்கு சாக்கர்ல கால் உடைஞ்சதே, தெரியுமா? நான்தான் முதல்ல கேட்டேன். இந்த தேசத்துலயே காசு வாங்காம ஒரு நாள் முழுக்க மரியாதையா நடத்துறது அந்த எடம் ஒண்ணுதான்."

"உங்களுக்கு நாள் எப்ப?"

"வியாழன், இருபத்தாறு." பிறகு குரல் இறங்கியது. "இதோட தீந்துச்சு. ஆறும் முடிஞ்சிடும். அடுத்தது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ஒருவேளை நல்ல வண்டியா செஞ்சிட்டா?"

இந்தப் பயம் நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. அவருடைய கோப்பையை நிரப்பினேன். "எமில், நீங்க எந்த சீட்ல உக்காருவீங்க?"

"ஓட்டுற சீட்ல. வேற எங்க?"

"எனக்கு அந்த சீட் எதுக்கும் வேண்டாம். எனக்கு வேண்டியது வலது சீட் மட்டும்தான். என் வண்டில வலது சீட்தான் கெட்டது. இடது சீட் புதுசு மாதிரி, யாருமே உக்காரல. உங்க வண்டில பாகம் மாத்தினதும் வண்டிய மாத்திப்போமா? முறையா, பத்திரத்தோட. என் வண்டி உங்களுக்கு, உங்களுது எனக்கு."

"உன்னோடது எத்தனை மைல் ஓடியிருக்கு?"

"லட்சத்து எண்பத்தேழாயிரம்."

எமில் சிரித்தார். "எனக்கு எண்பத்து மூணு வயசு. என் வண்டி என்னைவிட அதிக நாள் ஓடுமேன்னு ஏற்கெனவே எரிச்சலா இருக்கு. அதப் பத்திப் பரவாயில்ல. ஆனா ஹெர்பி ஒத்துக்க மாட்டான். அந்தத் தட்டு வர்ற வரைக்கும் பின்னாடியே கிடக்கணும்ல." தலையை ஆட்டினார். மேசையில் விரலால் தட்டினார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்பதை எங்கள் ஊரில் யாரும் நேராகச் சொல்வதில்லை; இப்படித்தான் மேசையைத் தட்டுவார்கள்.

வெட்கத்தோடு சொன்னேன்: "என் வண்டில முந்தின அஞ்சு ரீகாலும் செய்யவே இல்ல. அதுவும் ஒரு குறைதான்."

விரல் நின்றது.

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

"கால்மிதி?"

"செய்யல."

"பின்கதவு? ஹீட்டர்? வைப்பர்?"

"ஒண்ணுமே செய்யல. அந்த போல்ட்டும்."

எமில் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "போல்ட்டுக்கு மட்டுமே ரெண்டு தடவ போகணும்," என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "முதல் தடவ அளவெடுப்பாங்க. அப்புறம் இந்த சீட் வேற இருக்கு... எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிருவாங்களோ?"

"தனித்தனியா நாள் குறிக்கலாம்," என்றேன். "கால்மிதிக்குக் கம்பெனிப் பாகம் வேண்டாம், உடனே போகலாம். மத்ததுக்கு நான் கடிதம் எழுதித் தர்றேன். ஒரு பழுதுக்கு ஒரு கடிதம்."

"ஏழு, எட்டு தடவை," என்றார் எமில். "வசந்த காலம் வரைக்கும் போகுமே." திரும்பியபோது அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. "ஹெர்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

விலை வித்தியாசத்தைப் பற்றி அவர் பேசவே விடவில்லை. எனக்கு மனம் ஒப்பாததால், இந்தக் குளிர்காலம் முழுக்க எமில் வாசலில் விழும் பனியை டுவேன் தள்ளித் தருவார் என்று வாக்குக் கொடுத்தேன். டுவேனைக் கேட்கவில்லை. அவருடைய கட்டத்தை நானே டிக் செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் எமில் பழுதுபார்த்த வண்டியோடும் கையெழுத்திட்ட தாளோடும், காகிதக் கைக்குட்டையில் சுற்றிய இரண்டு டோனட்டோடும் வந்து சேர்ந்தார். வண்டிப் பத்திரம் மாற்றித் தரும் கவுன்டி அலுவலகம் நாலரைக்கு மூடும். என் வண்டிப் பத்திரத்தில் டுவேன் பெயரும் இருந்ததால் அவரையும் கூட்டிக்கொண்டு நாலு பத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் இரண்டு பத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"ஒரே மாடல், ஒரே கலர். ரெண்டு பேரும் மாத்திக்கிறீங்க?"

"ஆமா," என்றார் எமில். "எனக்கு இடது பாதி வேணும், இவளுக்கு வலது பாதி வேணும்."

அவள் டுவேனைப் பார்த்தாள். டுவேன் மிகுந்த கவனத்தோடு, சொல்லியிருந்த இடத்தில் மட்டும் கையெழுத்திட்டார். கையெழுத்திடும் முன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். இருபது ஆண்டுத் திருமண வாழ்வில் முதல் தடவை.

மாலை எமிலின் கொட்டகையில் நடுப்பெட்டியைக் கழற்றி, என் மெத்தையையும் கூரையில் வைக்கும் மஞ்சள் விளக்கையும் புது வண்டிக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ராய்ஸ் பலகையில் தாள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டி எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தாளோடு ஒப்பிட்டார். பொருந்தியது. டீலர் தாளில் இருந்த எமிலின் பெயரை, நேற்று மாற்றிய பத்திரத்தில் இருந்த முந்தைய உரிமையாளர் பெயரோடு ஒப்பிட்டார். பொருந்தியது.

"நேத்து வரைக்கும் இது எமிலோடதுதானே?"

"நேத்து நாலு இருபது வரைக்கும்."

"இதுக்கு விதிமுறையில எடம் இருக்கான்னு பாக்கணும்." உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தார். இருபது நிமிடம் நான் வெயிலில் நின்றேன். ஊருக்கு வெளியே யாரோ மக்காச்சோளம் அறுக்கும் எந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஏமாற்றமா நிம்மதியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தடை இல்ல," என்றார். பிறகு வலது கதவைத் திறந்து, தானே அந்தச் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு முறை குதித்துப் பார்த்தார். ஏர்பேக் விரியவில்லை. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. இறங்கித் தூசியைத் தட்டிக்கொண்டு, தாளில் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"ஓட்டுநர் இருக்கை நல்ல நிலையில் உள்ளதா?"

"நல்லா இருக்கும் ராய்ஸ். அதுல யாரும் உக்காரப் போறதில்ல."

அவர் கேள்வியை இன்னொரு முறை படித்தார். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "திங்கட்கிழமை காலைல ஏழரைக்கு வா. லேட் பண்ணாத."

"ஒம்பது வருஷமா ஏழரைக்குத்தான் வர்றேன்."

"அப்ப மாற்று ஆள்," என்றார் ராய்ஸ். "இப்ப நிரந்தரம். ஏழு இருபத்தஞ்சுக்கு வா."

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கே போனேன். எட்டு மணிக்குத் தபாலை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். பழைய பள்ளிக்கூட மூலையில் எதிரே தூசியைக் கிளப்பிக்கொண்டு என் பழைய ரோவெட்டா வந்தது. எமில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். ஹெர்பி பின் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. நான் கையை ஆட்டி வண்டியை நிறுத்தினேன். எமில் ஒரு விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து உயர்த்திக் காட்டிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டார். கால்மிதிக்கு ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள்.